பெரிய வெள்ளியன்று கோயிலா, ஸ்பிளாஷி ஃபென்னா?

தம்பி, ஈஸ்டருக்கு நண்பர்களோடு ஸ்பிளாஷி ஃபென் இசைவிழாவுக்கு டிக்கெட் வாங்கிவிட்டீர்கள். பெரிய வெள்ளியன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து இசிப்பிங்கோ மாரியம்மன் திருவிழாவுக்கு வந்தே ஆக வேண்டும் என்கிறார் அம்மா. எதை விடுவது என்று கேட்கிறீர்கள். எதையும் விட வேண்டாம். வெள்ளி விடியற்காலையிலேயே அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். கூட்டம் நெருக்குவதற்குள் கும்பிட்டுவிடலாம். நண்பகலுக்குள் கிளம்பினால் பீட்டர்மாரிட்ஸ்பர்க், புல்வர் வழியாக வெளிச்சத்திலேயே இசைவிழாவுக்குப் பக்கத்து ஊரான அண்டர்பர்க் சேர்ந்துவிடுவீர்கள். இருட்டியபின் அந்தச் சாலை வேண்டவே வேண்டாம்: மூடுபனி, நடுவழியில் மாடுகள். வியாழன் இரவுக் கச்சேரி போய்விடுமே என்றால், போகட்டும். 1990 முதல் நடக்கும் விழா அது, ஓர் இரவில் தீர்ந்துவிடாது.

டர்பன் வெயிலை நம்பி மெல்லிய போர்வையோடு போகாதீர்கள். விழா நடப்பது டிராகன்ஸ்பர்க் மலை அடிவாரம், சுமார் 1,500 மீட்டர் உயரம். பகலில் ஆற்றில் குளித்தவர்களே இரவில் கம்பளி தேடுவார்கள். கூடாரத்தைத் தாழ்வான இடத்தில் போடாதீர்கள், ஒரு மழைக்கே சேறாகிவிடும்.

விரதச் சாப்பாட்டுக்குப் புளிச்சாதம் கட்டிக்கொள்ளுங்கள், மறுநாள் காலைவரை தாங்கும். அம்மாவிடமே கேளுங்கள்; கோயிலுக்கு வந்த பிள்ளைக்கு இரண்டு ஆள் சோறு கூடுதலாகவே கட்டிக் கொடுப்பார்.