வீட்டிலேயே டிஸ்க் பேட் மாற்றலாம்: கேள்வி பதில்

பைக்கின் டிஸ்க் பிரேக் பேட் தேய்ந்தால் வீட்டிலேயே மாற்றுவது பற்றிக் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து நண்பர்கள் கேட்டவை, ஒவ்வொன்றாக.

கோட்டையூரிலிருந்து: அண்ணே, பேட் தேஞ்சிருக்கான்னு கழட்டாமப் பாக்க முடியுமா? பிரேக் ஆயிலும் குறையுது, ஊத்தவா?

டார்ச் அடிச்சு, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பரோட இடுக்குல பாருங்க தம்பி. இரும்புத் தகட்டு மேல ஒட்டியிருக்கிற கறுப்புப் பொருள்தான் தேயுறது. அதுல ஒரு காடி வெட்டியிருக்கும். காடி மறைஞ்சுட்டா பேட் முடிஞ்சது. 1 மில்லிமீட்டர் கடைசி எல்லை. 2 வந்தாலே நான் மாத்தச் சொல்வேன், ஏன்னா மெலிஞ்ச பேட் சூட்டைத் தாங்காம, பேடைத் தள்ளுற பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் கடத்தும்.

ஆயில் ஊத்தாதீங்க. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்துக்கு ஆயில் இறங்கும், அவ்வளவுதான். புதுப் பேட் போட்டதும் லெவல் தானா ஏறிடும். பேட் தடிமனா இருந்தும் ஆயில் குறைஞ்சா, அது கசிவு.

பள்ளத்தூரிலிருந்து: எங்க அப்பச்சி வண்டி, 150 சிசி, முன்னாடி டிஸ்க். வேலையை முதல்லேருந்து வரிசையாச் சொல்லுங்க.

முகப்புல ஆத்தங்குடிக் கல்லு மேல வண்டியை நிறுத்தாதீங்க; கிரீஸ் இறங்கினா அந்தக் கறை லேசுல போகாது. வாசல்ல, சமமான இடத்துல, சென்டர் ஸ்டாண்டு. 12 அல்லது 14 ஸ்பேனர், 5 மில்லி ஆலன் கீ, பழைய டூத் பிரஷ், ஒரு வாளி தண்ணி, பனியன் துணி போதும்.

கேலிப்பர் வண்டியில இருக்கும்போதே, பேடைப் பிடிச்சிருக்கிற பேட் பின்னை அரைச் சுற்று தளர்த்திடுங்க. கழட்டிக் கையில வச்சுக்கிட்டு அதைத் திருப்ப முடியாது. அப்புறம் ரெண்டு மவுன்டிங் போல்ட்டையும் எடுத்துக் கேலிப்பரை இறக்குங்க. ஆயில் வர்ற ஹோஸ்ல தொங்கவிடாம கயிறு போட்டுக் கட்டுங்க.

பின்னை உருவிப் பழைய பேடை எடுத்ததும் பிஸ்டன் தெரியும். அதைச் சுத்தி நம்ம ஊர்ச் செம்மண்ணும் பேட் தூளும் கலந்து கெட்டியா ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணியில பிரஷ் போட்டு அது பளபளன்னு தெரியுற வரைக்கும் தேயுங்க. அழுக்கோட உள்ளே தள்ளினா பிஸ்டனைச் சுத்தியிருக்கிற ரப்பர் சீல் கீறி, ஒரு மாசத்துல ஆயில் கசியும். பெட்ரோல், மண்ணெண்ணெய் ரெண்டும் வேண்டாம், ரப்பர் ஊதிடும். தூளை வாயால ஊதாதீங்க, நுரையீரலுக்கு ஆகாது.

இப்போ ஹேண்டில்ல ஆயில் டப்பா மூடியைத் திறந்து சுத்தித் துணி கட்டுங்க. பழைய பேடை பிஸ்டன் மேல வச்சு, கட்டைவிரலால மெதுவா, நேரா அமுக்குங்க. முன்னாடி யாராவது ஆயில் ஊத்தியிருந்தா இங்கேதான் வழியும். பெயின்ட் மேல பட்டா உரிச்சிடும். உடனே தண்ணி ஊத்துங்க. கேலிப்பர் கழட்டியிருக்கும்போது யாரும் லீவரைத் தொடக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்து விழும். சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீங்க.

புதுப் பேடையும் பழையதையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு வடிவம், ஓட்டை சரிபாருங்க. பேட் ஸ்பிரிங் இருந்த மாதிரியே உட்காரணும். பின்னைப் போட்டுக் கேலிப்பரை டிஸ்க்ல ஏத்துங்க. மவுன்டிங் போல்ட் இறுக்கம் பெரும்பாலும் 25 முதல் 35 நியூட்டன் மீட்டர், பேட் பின் 17, 18. உங்க வண்டிக் கையேடு சொல்றதே கணக்கு. ஆயில் டப்பாவை மூடிட்டு, லீவர் கல்லு மாதிரி கெட்டியாகுற வரைக்கும் அடிங்க. இதை மறந்து கிளம்பினா முதல் பிரேக் வெறும் காத்தா போகும்.

புதுவயலிலிருந்து: பிஸ்டன் பக்கத்துப் பேட் மட்டும் தகடு தெரியுற அளவுக்குத் தேஞ்சிருக்கு, அடுத்தது பாதி இருக்கு. மாத்திட்டா சரியாகிடுமா?

ஆகாது. இது பேடோட குத்தம் இல்லை. உங்க கேலிப்பர் ரெண்டு ஸ்லைடு பின் மேல பக்கவாட்டுல நகரணும். பிஸ்டன் ஒரு பேடைத் தள்ள, கேலிப்பர் நகர்ந்து அடுத்த பேடை இழுத்துக்கும். பின் இறுகிட்டா ஒரு பேட்தான் வேலை செய்யும். மண் பாதையில ஓடுற வண்டிக்குப் பின்னை மூடியிருக்கிற ரப்பர் பூட் கிழிஞ்சு தூசி உள்ளே போறதுதான் காரணம்.

பின்னை உருவிப் பழைய கிரீஸைத் துடைங்க. துரு இருந்தா நைசான உப்புத்தாள். மேல சிலிகான் கிரீஸ் மெல்லிசா பூசுங்க, பட்டாணி அளவு போதும். வீல் பேரிங் கிரீஸ் போட்டா பூட் உப்பித் திரும்பவும் இறுகும். ஒரு விரலால தள்ளினா கேலிப்பர் நழுவணும். பேட் மாத்துறப்போ எல்லாம் இதைச் செய்யுங்க. பேடை விட இதுக்குத்தான் நேரம் கொடுக்கணும்.

தேவகோட்டையிலிருந்து: பேட் பின் அசையவே இல்லை, ஆலன் ஓட்டை உருண்டுரும் போல இருக்கு.

ஓட்டைக்குள்ள மண்ணு இறுகியிருக்கும். கோணி ஊசியால குத்திச் சுத்தம் பண்ணி, கீயைச் சுத்தியால லேசா தட்டி அடி வரைக்கும் இறக்குங்க. தேஞ்ச கீயா இருந்தா வேற வாங்குங்க. துருவுக்கு ஸ்பிரே அடிச்சா டிஸ்க்கைத் துணியால மூடிடுங்க.

கானாடுகாத்தானிலிருந்து: டிஸ்க்கையும் மாத்தணுமான்னு எப்படி முடிவு பண்றது?

குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்லயே பொறிச்சிருக்கும். தடிமன் அளக்குற வெர்னியரை நேரா வச்சா ஓரத்துல தேயாம நிக்குற விளிம்பைத்தான் அளக்கும், கூடுதலாக் காட்டும். ஒரே அளவு நாணயம் ரெண்டு பக்கமும் வச்சு அளந்து, ரெண்டு நாணயத்தோட தடிமனையும் கழிங்க.

குன்றக்குடியிலிருந்து: புதுப் பேட் போட்டும் பிரேக் பிடிக்கலை, கீச்சுன்னு சத்தம் வேற.

பேட் முகம் டிஸ்க்கோட இன்னும் ஒத்துப்போகலை. ஆள் இல்லாத ரோட்டுல 40 வேகத்துலேருந்து 10 வரைக்கும், சக்கரம் லாக் ஆகாம, 20 தடவை பிரேக் பிடிங்க. நடுவுல கொஞ்சம் ஆறவிடுங்க. முதல் 200 கிலோமீட்டர் இடைவெளி விட்டு ஓட்டுங்க. கிரீஸ் பட்ட பேடைத் தேய்ச்சுப் பயனில்லை, அதுக்குள்ள ஊறிடும், புதுசுதான்.

ஆத்தங்குடியிலிருந்து: ஏபிஎஸ் வண்டிக்கும் இதேதானா?

இதேதான். சக்கரம் லாக் ஆகாமத் தடுக்குற ஏபிஎஸ்ஸோட சென்சார் ஒயரை மட்டும் இழுத்துடாதீங்க. ஹோஸ் போல்ட்டைத் திறக்காத வரைக்கும் காத்து ஏறாது. திறந்து காத்து ஏறிட்டா, சில வண்டிக்கு ஸ்கேனர் வச்சாத்தான் முழுசா வெளியேறும், சர்வீஸுக்குக் கொண்டுபோயிடுங்க.