உயரம் கம்மியா, ஒல்லியா இருக்கிறவங்க மழை தாங்குற வேட்டை பேக் எப்படி பார்த்து வாங்கறது?

5 அடிக்கு கொஞ்சம்தான் மேல, எடை 50 கிலோகூட இல்ல, மூணு நாள் மழையில வேட்டைக்குப் போகணும், எந்த பேக் நனையாதுன்னு கேட்டிருக்கீங்க. வந்திருக்கிற பதில் பூரா துணி என்ன துணி, கோட்டிங் என்ன கோட்டிங்னே போகுது. உங்க உடம்பப் பத்தி ஒருத்தரும் ஒரு வரி எழுதல. எனக்கு மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இல்லன்னா கீழ வந்து சண்டை போடுவாங்க. வேட்டை சரியா தப்பான்னு நான் இங்க பேச வரல. நான் லைசென்ஸ் எடுத்து, சீசன்ல, அனுமதி இருக்கிற காட்டுல மட்டும் போறவன், அடிச்ச கறிய வீணாக்கினது கிடையாது. வேட்டைக்கு அனுமதியே இல்லாத இடத்துல இருக்கிறவங்க மலையேற்றத்துக்கோ காட்டுல போட்டோ எடுக்கவோ போறப்ப இத வச்சுக்கலாம், முதுகு எல்லாருக்கும் முதுகுதான்.

நான் ஆம்பளை, 157 செ.மீ., 51 கிலோ. முதல் தடவை வாங்கினது 75 லிட்டர் பேக். எங்க குரூப்ல எல்லாரும் அதையே வச்சிருந்தாங்க, எல்லாரும் 6 அடி ஆளுங்க. "ஒரே அளவு, எல்லாருக்கும் பொருந்தும்"னு போட்டிருந்தத நம்பிட்டேன். காலி பேக்கே 3 கிலோ. முதுகு நீள அட்ஜஸ்ட்மெண்ட்ட கடைசி வரைக்கும் இறக்கினாலும் ஃப்ரேம், அதான் முதுகுப்பக்கம் சுமைய தாங்குற சட்டம், என் தலைக்கு மேல நின்னுச்சு, சரிவுல மேல நிமிர்ந்து பார்த்தா பின்மண்டையில இடிக்கும், குப்புறப் படுத்து குறி பார்த்தா தொப்பிய முன்னாடி தள்ளி கண்ண மறைக்கும். பழகிடும்னு விட்டுட்டேன்.

ரெண்டாவது நாள் மதியம் மான் கிடைச்சுது. எலும்ப எடுத்துட்டு கறிய பிரிச்சதுல என் பங்கு 18 கிலோ, பேக்கோட எடையும் என் சாமானும் சேர்ந்து 30 கிலோ வந்துச்சு. 51 கிலோ ஆளுக்கு அது எவ்வளவுன்னு யோசிச்சுப் பாருங்க. காலையிலேருந்து விடாம மழை. இடுப்பு பெல்ட்ட இழுத்து இழுத்து ரெண்டு பக்க பஞ்சும் வயித்துக்கு முன்னாடி ஒண்ணோட ஒண்ணு முட்டிடுச்சு, அதுக்கு மேல இறுக்க வழியே இல்ல, ஆனா பெல்ட் இன்னும் லூஸ், ஈரத்துல வழுக்கி வழுக்கி பின்பக்கத்துக்கு இறங்கிடுச்சு. இடுப்பு தாங்க வேண்டியது மொத்தமும் தோள்ல. அஞ்சு மணி நேரம் அப்படியே இறங்கினேன். கேம்ப்புக்கு வந்து அடுப்பு பத்த வைக்கலாம்னா வலது கை விரல்ல உணர்ச்சியே இல்ல, லைட்டர அழுத்த முடியல. அப்புறம் டாக்டர்கிட்ட போனப்பதான் தெரிஞ்சுது, கழுத்துலேருந்து கைக்குப் போற நரம்புக்கூட்டத்த தோள் பட்டை அமுக்கிடுச்சாம், கனமான பை தூக்கற சிப்பாய்களுக்கு வர்ற பிரச்சினைன்னு சொன்னார். முழுசா சரியாக ஆறு வாரம் ஆச்சு. இத படிச்சுட்டு யாராவது "உடம்ப தேத்திக்கோ"ன்னு சொல்ல வந்தா, தயவுசெஞ்சு வேணாம், அந்த வருஷம் நான் ஆறு மாசம் எடை தூக்கிப் பழகிட்டுத்தான் போனேன்.

அன்னைக்கு ராத்திரி ஸ்லீப்பிங் பேக்கும் நனைஞ்சிருந்துச்சு. வாட்டர் ப்ரூஃப்னு எழுதின பேக், மேல ரெயின் கவர் வேற. எப்படி நனைஞ்சுதுன்னு மறுநாள் பிரிச்சுப் பார்த்தேன். துணி ஒழுகவே இல்ல. தையல்ல ஊசி போன ஓட்டைங்க வழியா, ஜிப் வழியா, முதுகுப்பக்கம் வழியா தண்ணி போயிருக்கு. கவர் முதுகுப்பக்கத்த மூடாது பாருங்க, அளவு பொருந்தாத பேக் தோள்கிட்ட பின்னாடி சாய்ஞ்சு இடைவெளி விடுதா, கழுத்துலேருந்து வழியற மழை நேரா அதுக்குள்ளதான் போகுது. கறி ஃப்ரேமுக்கும் பைக்கும் நடுவுல கட்டியிருந்ததால பை பாதி காலி, கவர் தொளதொளன்னு காத்துல அடிச்சுக்கிட்டு, அடியில குளம் மாதிரி தண்ணி கட்டிக்கிச்சு. இடுப்பு பெல்ட் பஞ்சு வேற ஊறிப்போய் தனி கனம்.

அதனால முதல்ல முதுக அளங்க, உயரத்த மறந்துடுங்க. தலைய குனிஞ்சா கழுத்துக்கு அடியில ஒரு எலும்பு துருத்திக்கிட்டு நிக்கும், அங்கேருந்து ஆரம்பம். ரெண்டு கையையும் இடுப்பெலும்பு மேல வச்சு கட்டைவிரல் பின்னாடி வர்ற மாதிரி பிடிங்க, ரெண்டு கட்டைவிரலுக்கும் நடுவுல ஒரு கோடு போட்டா அது முடிவு. இத தனியா அளக்க முடியாது, யாரையாவது டேப் பிடிக்கச் சொல்லுங்க. எனக்கு 15 அங்குலம் வந்துச்சு. நிறைய வேட்டை பேக் 16, 17 அங்குலத்துக்கு கீழ இறங்கவே இறங்காது, அப்ப மழை தாங்குதா இல்லையாங்கற பேச்சுக்கே போக வேணாம், அத வச்சுட்டு வந்துடுங்க.

அப்புறம் பெல்ட். காலி பேக்க மாட்டிப் பார்க்கிறது வேஸ்ட், உள்ள 12, 15 கிலோ போட்டு மாட்டுங்க. பஞ்சு இடுப்பெலும்பு மேல உக்காரணும், முழுசா இறுக்கின பிறகும் முன்னாடி ரெண்டு பஞ்சுக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளியாவது மிஞ்சணும். மிஞ்சலன்னா அந்த பெல்ட் உங்களுக்கு பெருசு. குளிர்ல போடற ஜாக்கெட்டோட ஒரு தடவை, அது இல்லாம ஒரு தடவை பாருங்க, சின்ன உடம்புக்கு அந்த வித்தியாசமே பெல்ட்ட மாத்திடும். பெல்ட்ட மட்டும் தனியா சின்ன சைஸ்ல மாத்திக்கிற மாதிரி பேக் இருந்தா அதுக்கு முதல் மார்க். தோள் பட்டை மேலேருந்து ஃப்ரேமுக்குப் போற குட்டிப் பட்டை தோராயமா 45 டிகிரி சாய்வுல மேல நோக்கிப் போகணும், மட்டமா கிடந்தா சுமைய உடம்போட ஒட்டி இழுக்காது. சின்னப் பசங்க பேக் வாங்கலாமான்னு சில பேர் கேக்கறாங்க, முதுகு நீளம் சரியா வரும், ஆனா கறிச்சுமைக்கு அந்த ஃப்ரேம் வளைஞ்சுடும்.

கடையில ஒருத்தர் என்னைப் பார்த்ததும் "லேடீஸ் மாடல் பாருங்க சார்"னாரு. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு, ஒண்ணும் பேசாம வெளிய வந்துட்டேன், எட்டு மாசம் பேக்கே வாங்கல. அப்புறம் எங்ககூட வர்ற நண்பரோட அக்கா அவங்க பேக்க "மாட்டித்தான் பாரேன் தம்பி"ன்னு குடுத்தாங்க. மாட்டினதும் தோள்ல கனமே தெரியல. பட்டை ரெண்டும் நெருக்கமா, வளைவா இருந்துச்சு, பெல்ட் அப்படியே பிடிச்சு நின்னுச்சு. அதே மாடல்தான் இப்ப ஆறு வருஷமா தூக்கறேன், 50 லிட்டர். யார் என்ன நினைச்சாலும் பரவாயில்ல. ஆனா இத ஏன் ஆண், பெண்ணுன்னு பிரிச்சு எழுதணும், முதுகு இத்தனை அங்குலம், இடுப்பு இத்தனை அங்குலம்னு எழுதினா முடிஞ்சுது. நெடுநெடுன்னு இருக்கிற பொண்ணுங்களும் இதனாலயேதான் தப்பான பேக் வாங்கறாங்க.

துப்பாக்கியிலயும் இதே கதைதான், கேள்விக்கு சம்பந்தம் இல்லன்னாலும் சொல்லாம இருக்க முடியல. தோள்ல முட்டுக் குடுக்கிற பின்கட்டை சாதாரணமா வர்ற நீளம், விசையிலேருந்து பின்முனை வரைக்கும், 13.5 லேருந்து 14 அங்குலம். என் கைக்கு அது அதிகம். உடம்ப பின்னாடி வளைச்சு வளைச்சு சுட்டு நாலு வருஷம் தப்பாவே பழகினேன், "உனக்கு குறி வராது"ன்னு எல்லாரும் சொன்னாங்க, கட்டைய 12.5க்கு வெட்டின அடுத்த வாரமே குறி வந்துச்சு. அந்த நாலு வருஷம் சொன்ன யாரும் அப்புறம் ஒரு வார்த்தை பேசல.

சரி, மழை. எந்தத் துணியையும் முழுசா நம்பாதீங்க. 500 டெனியர் கார்டுரா போதும் (கார்டுரா முரட்டு நைலான் துணி, டெனியர்ங்கறது நூலோட தடிமன் கணக்கு), 1000 டெனியர் அவ்வளவு சீக்கிரம் கிழியாது, ஆனா உங்க எடைக்கு அந்த கனம் அநாவசியம். லேமினேட் துணி, அதாவது அடுக்கடுக்கா ஒட்டின துணி, தண்ணிய நல்லா தடுக்கும், குளிர்ல முள்ளு உரசினா சரசரன்னு சத்தம் வரும், மானுக்கு அது போதும் ஓடறதுக்கு. கம்பளி மாதிரி மிருதுவான மேல்துணி சத்தமே போடாது, ஆனா மழைய குடிச்சு கனத்துடும். நான் நடுவுல உள்ளதா, வாய சுருட்டி மூடற மாதிரி ஒண்ணு வச்சிருக்கேன், பெரிய ஜிப் இல்ல. ரெயின் கவர கேம்ப்ல மட்டும்தான் போடுவேன், நடக்கறப்ப முள்ளுல மாட்டி சத்தம் போடும், மத்த வேட்டைக்காரங்க கண்ணுக்குத் தெரியணும்னு ஆரஞ்சு கலர் போடறது கட்டாயமா இருக்கிற இடத்துல அதையும் மறைச்சுடும்.

நிஜமா காப்பாத்தறது உள்ள போடற லைனர்தான். தடிமனான பிளாஸ்டிக் பை ஒண்ண பேக்குக்குள்ள விரிச்சு, ஸ்லீப்பிங் பேக், மாத்துத் துணி எல்லாம் அதுக்குள்ள, காத்த அமுக்கி வெளியேத்திட்டு வாய முறுக்கி மடிச்சு விடுங்க. கறிய அதுகூட சேர்த்து போட்டுடாதீங்க, பிளாஸ்டிக்ல சூடு தங்கி கெட்டுப்போகும், காத்து போற துணிப்பையில போட்டு ஃப்ரேம் பக்கம் கட்டுங்க. வீட்டுக்கு வந்ததும் ரத்தக்கறைய பச்சத்தண்ணியில கழுவி, பேக்க முழுசா காயவச்சு எடுத்து வைங்க, ஈரத்தோட மூட்டை கட்டி வச்சா உள்பக்க கோட்டிங் ரெண்டு மூணு வருஷத்துல பிசுபிசுன்னு ஆகி உரிஞ்சுடும், என் முதல் பேக் அப்படித்தான் போச்சு.

முதுகு அளவும் இடுப்பு அளவும் எடுத்துட்டு கமெண்ட்ல போடுங்க, சனி ஞாயிறுல பார்த்து பதில் சொல்றேன்.