நாலு மணிக்குக் கிளம்பினால் இருட்டும்வரை

கேள்வி: நான் 1979-ல் பிறந்தவள். மகளுக்கு 14 வயது, எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாள். "எங்க காலத்துல..." என்று நான் வாயைத் திறந்தாலே "ஆரம்பிச்சிட்டியாம்மா" என்று எழுந்து போய்விடுகிறாள். நானோ ராத்திரி தூக்கம் வராமல் பழைய விளம்பரங்களையும் பாட்டுகளையும் போனில் தேடித் தேடிப் பார்த்துக் கண்கலங்குகிறேன். நாங்கள் நாலு மணிக்கு விளையாடக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. இவள் தோழி வீட்டுக்குப் போனால்கூட போய்ச் சேர்ந்தாளா என்று லொகேஷனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இந்த விடுமுறை முழுக்க அவள் போனை வாங்கிப் பீரோவில் பூட்டிவிடலாமா? இன்னொன்று, மறைந்த என் அப்பாவின் குரல் பதிந்த கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவளுக்குப் போட்டுக்காட்ட ஆசை. உட்கார்ந்து கேட்பாளா?

பதில்: முதலில் பீரோ விஷயம். வேண்டாம்.

நீங்கள் 14 வயதில் போன் இல்லாமல் சந்தோஷமாக இருந்தீர்கள் என்றால், தெருவில் வேறு யாரிடமும் அது இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். வெளியே வந்தால் ஆள் இருந்தார்கள். இன்று உங்கள் மகளிடம் மட்டும் பிடுங்கிக்கொண்டால் அவளுக்குக் கிடைக்கப்போவது உங்கள் பால்யம் இல்லை, தோழிகள் எல்லோரும் ஓர் இடத்தில் கூடியிருக்க அவள் மட்டும் வெளியே நிற்கும் ஒரு விடுமுறை. செய்தே ஆகவேண்டும் என்றால் அந்தத் தோழிகளின் அம்மாக்களிடம் பேசி, வாரத்தில் இரண்டு சாயங்காலமாவது எல்லாப் பிள்ளைகளும் போனை வீட்டில் வைத்துவிட்டுச் சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் போனும் அன்றைக்கு அதே பீரோவில்தான். ராத்திரி பழைய விளம்பரம் பார்ப்பதற்காகக்கூட வெளியே வரக்கூடாது.

நீங்கள் கண்கலங்குவதில் தப்பேதும் இல்லை. 1688-ல் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பாசலில் கொடுத்த ஆய்வேட்டில், வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'நாஸ்டால்ஜியா' என்று ஒரு நோய்க்குப் பெயர் வைத்தார். ஊரைவிட்டுப் போனவர்களுக்கு வரும் நோய், ஊருக்கே திருப்பி அனுப்பினால் குணமாகும். அப்போது அது இடத்தைப் பற்றிய ஏக்கம். நம் ஏக்கம் வயதைப் பற்றியது, அதற்கு யாரும் நம்மைத் திருப்பி அனுப்ப முடியாது. நாற்பதைத் தாண்டியவர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டால் சுமார் 10 வயதுக்கும் 30-க்கும் இடையில் நடந்தவையே அதிகமாக வந்து விழுகின்றன என்று உளவியல் ஆய்வாளர்கள் பல காலமாகக் கண்டிருக்கிறார்கள், அதோடு கசப்பான நினைவுகளின் உறைப்பு இனிப்பானவற்றைவிடச் சீக்கிரம் குறைந்துவிடுகிறது என்றும் சொல்கிறார்கள். அதனால்தான் உங்கள் கதைகளில் எல்லாச் சாயங்காலமும் பொன்னாக இருக்கிறது. மகள் எழுந்து போவது அதற்காகத்தான் என்பது என் சந்தேகம்.

கதையை முழுசாகச் சொல்லிப் பாருங்கள். எனக்கே எத்தனை இருக்கிறது! வெயிலில் அரைமணி நேரம் நடந்து நண்பன் வீட்டுக்குப் போனால் கதவில் பூட்டு தொங்கும், அப்படியே திரும்பி நடக்க வேண்டும். 36 படம் எடுக்கக்கூடிய ஃபிலிம் ரோலைக் கழுவி வாங்கினால் பாதியில் யாரோ ஒருவரின் விரல். ஒரு சின்னச் சந்தேகம் வந்தால் வீட்டில் பெரியவர்கள் சொன்னதுதான் விடை, அது தப்பு என்று தெரிய இருபது வருடம் ஆகும். அப்புறம் அந்த விடுமுறை மத்தியானங்கள், சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோமே, அதை ஏன் யாரும் சொல்வதில்லை? இதையெல்லாம் சொன்னால் பெண் சிரிப்பாள். சிரித்தால் அடுத்த கதைக்கும் இருப்பாள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இன்று நாம் www என்று அறியும் உலகளாவிய வலையின் மூல நிரல்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று, அது பிறந்த இடமான செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வு நிலையம் அறிவித்தது 1993 ஏப்ரல் 30-ல். அப்போது உங்களுக்கும் ஏறக்குறைய இவள் வயதுதான். உங்கள் விளையாட்டில் அது ஒரு நிமிஷத்தைக்கூடத் திருடவில்லை, அப்படி ஒன்று இருப்பதே உங்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் தேடுவது இணையம் இல்லாத உலகத்தை என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: நாலு மணிக்குக் கிளம்பினால் இருட்டும்வரை நீங்கள் எங்கே என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியாது. தெரியாமலே அவர் வேலையைப் பார்த்தார். யாருடன் சண்டை, எந்த மரத்தில் ஏறினீர்கள், முழங்கால் எப்படிச் சிராய்ந்தது எல்லாம் நீங்கள் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. அந்த இரண்டு மூன்று மணி நேரம் முழுக்க உங்களுடையது.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மகளிடமிருந்து அதை எடுத்துக்கொண்டது போன் மட்டும் இல்லை, லொகேஷன் பார்க்கும் நீங்களும்தான். பயம் எனக்கும் புரிகிறது. முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கும், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வீட்டுக்கு அவள் போகும்போது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று மட்டும் பேசி வைத்துக்கொண்டு, நடுவில் கூப்பிடாமலும் வரைபடத்தைப் பார்க்காமலும் ஒரே ஒரு சாயங்காலம் இருந்து பாருங்கள். அவளுக்கு முன்னால் உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும். வந்ததும் என்ன செய்தாய் என்று குடையாதீர்கள்.

கேசட்டுக்கு வருகிறேன். கேட்பாள், ஆனால் "உட்கார், தாத்தா குரல் கேள்" என்று ஆரம்பித்தால் கேட்கமாட்டாள். வேலையை அவளிடம் கொடுங்கள். பழைய பிளேயரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், இவ்வளவு போதும் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளுங்கள், உங்களைவிட வேகமாக முடிப்பாள். அதற்கு முன் சில விஷயங்கள். உள்ளே வெள்ளையாகப் பூஞ்சை தெரியும் கேசட்டை எக்காரணம் கொண்டும் பிளேயரில் போடாதீர்கள், அது தெரிந்தவர்களிடம் போகட்டும். நாடா தளர்ந்திருந்தால் பென்சிலை விட்டுச் சுற்றி இறுக்குங்கள் (எப்படி என்று அவளுக்குக் காட்டும் உரிமை உங்களுக்கு உண்டு). கேசட்டில் சி-90 என்று போட்டிருந்தால் ஒரு பக்கம் 45 நிமிஷம், அந்த 45 நிமிஷமும் காத்திருந்துதான் ஆகவேண்டும், வேகமாக ஓட்ட வழியில்லை. அவளும் பக்கத்தில்தான் இருப்பாள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஒவ்வொரு கேசட்டின் மேல் விளிம்பிலும் இரண்டு ஓரத்தில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை இன்றைக்கே உடைத்துவிடுங்கள். தெரியாமல் சிவப்புப் பட்டனை அழுத்தினாலும் அப்பாவின் குரல்மேல் வேறெதுவும் பதியாது.