உயர்நிலைப் பள்ளியில் ஓவியம், இசை, நாடகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். ஓவியம், இசை, நாடகம் ஆகிய மூன்றில் ஒன்றைப் பாடமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று பள்ளியில் கூறியிருக்கிறார்கள். முக்கியமான தேர்வுகள் நெருங்கும் நேரத்தில் இது தேவைதானா? கலை கற்றால் கணிதத்திலும் அறிவியலிலும் மதிப்பெண் உயரும் என்று சிலர் கூறுவது உண்மையா?

பதில்: இந்த நம்பிக்கை பரவியதற்கு 1993-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு பெரிய காரணம். கல்லூரி மாணவர்கள் 36 பேர் மோட்சார்ட் இயற்றிய பியானோ இசையைப் பத்து நிமிடங்கள் கேட்டுவிட்டு, வடிவங்களை மனக்கண்ணில் திருப்பிப் பார்க்கும் வகையிலான சோதனையை எழுதியபோது, சற்றுக் கூடுதலான மதிப்பெண் பெற்றார்கள். அந்தப் பயன் ஏறத்தாழ கால் மணி நேரத்தில் மறைந்துவிட்டது என்று ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். ஆய்வில் பங்கேற்றவர்கள் பள்ளிப் பிள்ளைகள் அல்லர்; அவர்கள் அதில் இசை கற்கவும் இல்லை, கேட்க மட்டுமே செய்தார்கள். ஆயினும், இசை கேட்டால் குழந்தையின் அறிவு கூடும் என்ற செய்தியாக அது உலகெங்கும் பரவிவிட்டது.

எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், அதுவரை நடந்திருந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2000-ஆம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். கலைப்பாடங்கள் பிற பாடங்களின் மதிப்பெண்ணை உயர்த்துகின்றன என்பதற்குப் பொதுவான சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் வகுப்பறையில் கதைகளை நடித்துப் பார்ப்பது பிள்ளைகளின் மொழித்திறனை வளர்க்கிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைத்தது. ஆகவே, மதிப்பெண்ணுக்காக மகளைக் கலை வகுப்பில் சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். மதிப்பெண் உயரவில்லை என்று தெரிந்த நாளில் அந்த வகுப்பை நிறுத்திவிடத் தோன்றும். புவியியல் படித்தால் வேதியியலில் மதிப்பெண் கூடுமா என்று நாம் கேட்பதில்லை. கலையிடம் மட்டும் அந்தக் கணக்கைக் கேட்பது நியாயமாகாது.

கலை வகுப்பு உண்மையில் எதைக் கற்பிக்கிறது என்பதை அறிய, அதே ஆய்வாளர்கள் உயர்நிலைப் பள்ளி ஓவிய வகுப்புகளுக்கு நேரில் சென்று, ஆசிரியர்கள் சொல்வதையும் செய்வதையும் பதிவு செய்தார்கள். உற்றுப் பார்த்தல், இன்னும் இல்லாத ஒன்றைக் கற்பனையில் காணுதல், சலித்துப்போன நிலையிலும் ஒரு வேலையைத் தொடர்தல், தான் செய்ததைத் தானே மதிப்பிட்டு மாற்றுதல் போன்ற பழக்கங்கள் அங்கே நாள்தோறும் பயிற்றுவிக்கப்படுவதை அவர்கள் கண்டார்கள். வினாவுக்கு ஒரே விடை என்று பழகிவிட்ட பதின்பருவப் பிள்ளைக்கு, பல விடைகளில் தன் விடை எது என்று தேர்ந்து, அதற்குக் காரணமும் சொல்ல வேண்டிய பாடம் வாரத்தில் ஒன்றாவது இருக்க வேண்டும். மூன்றில் எதைத் தேர்வது என்பதை மகளே முடிவு செய்யட்டும்.

கேள்வி: நன்றாகப் பாடிக்கொண்டிருந்த என் பதின்மூன்று வயது மகனுக்குக் குரல் உடைந்துவிட்டது. இசை வகுப்பில் வாயசைத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்களாம். அவனும் இனிப் பாடுவதில்லை என்கிறான்.

பதில்: வாயசைக்கச் சொன்னதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. மகரக்கட்டு எனப்படும் இந்தக் குரல் மாற்றம் நோயன்று. இந்த வயதில் குரல்வளை விரைவாக வளர்கிறது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. அதனால் பேச்சுக்குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி (ஒரு ‘ச’ முதல் அடுத்த ‘ச’ வரையுள்ள அளவு) கீழே இறங்குகிறது. புதிய அளவுக்குத் தசைகள் பழகும்வரை குரல் பிசிறும், நினையாத இடத்தில் தாவும். பெண் பிள்ளைகளுக்கும் சிறிய அளவில் இம்மாற்றம் உண்டு. குரலில் காற்றுக் கலந்தாற்போன்ற ஒலி வருவது அதன் அடையாளம்.

மென்மையாகப் பாடுவதற்கு இக்காலத்தில் தடையில்லை. பழைய உச்ச ஸ்வரங்களை வலிந்து எட்டுவதும் கத்துவதும்தான் கூடாது. சுருதியை இறக்கி, எளிதாக வரும் நான்கைந்து ஸ்வரங்களுக்குள் அமையும் பகுதியை அவனுக்குத் தரும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். சேர்ந்திசையில் அப்படி ஒரு பகுதியை எழுதித் தருவது கடினமான வேலையன்று. ஸ்வரக்குறிப்பு படிப்பதற்கும், தாளப் பயிற்சிக்கும், ஒரு வாத்தியத்தைத் தொடங்குவதற்கும் இது நல்ல காலம். நீண்ட நாள் தொண்டை வலியோ குரலடைப்போ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நான் மொழியாசிரியர். நாடக வகுப்பும் என் பொறுப்பாகிவிட்டது. மேடை இல்லை, பயிற்சியும் இல்லை. வகுப்பில் நாற்பது மாணவர்கள். பேசத் தெரிந்த ஐந்தாறு பேரே ஒவ்வொரு முறையும் நடிக்கிறார்கள். கூச்சமுள்ளவர்களை எப்படி உள்ளே கொண்டுவருவது?

பதில்: ஆண்டு விழா நாடகத்தை இலக்காக வைத்தால் அந்த ஐந்தாறு பேரைத் தாண்ட முடியாது. விழாவுக்கு ஒத்திகை பார்ப்பது வேறு, நாடகம் கற்பிப்பது வேறு. முதல் சில மாதங்கள் பார்வையாளர் எவருமில்லாத வகுப்பாக நடத்துங்கள். மேசைகளை ஓரமாக ஒதுக்கினால் கிடைக்கும் தரையே போதும்.

இதற்கு வழிகாட்டியவர்களுள் வயோலா ஸ்போலின் முக்கியமானவர். சிகாகோவில் 1930-களின் இறுதியில், குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தபோது, விளக்கவுரைக்குப் பதிலாக விளையாட்டுகளை அவர் கையாண்டார். இருவர் எதிரெதிரே நின்று, ஒருவரின் அசைவை மற்றவர் கண்ணாடிபோல் திரும்பச் செய்யும் விளையாட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் இருபது இணைகளாக விளையாடும்போது, பார்த்துக்கொண்டு நிற்பவர் என்று யாரும் இல்லை. கவனம் எதிரே இருப்பவர்மேல் குவிவதால், தன்னைப் பற்றிய கூச்சம் தானே பின்னுக்குப் போகிறது. ‘கூச்சப்படாதே’ என்று நூறு முறை சொல்வதைவிட இது பயன் தரும்.

அடுத்த நிலையில், பிரேசில் நாட்டின் அகுஸ்தோ போவால் 1970-களில் உருவாக்கிய முறையை முயலலாம். ஒருவர் அநீதியை எதிர்கொண்டு தோற்கும் சிறு காட்சியை மாணவர்கள் நடிக்கிறார்கள். மறுமுறை நடிக்கும்போது, பார்ப்பவர் எவரும் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லிவிட்டு, அந்தப் பாத்திரத்தின் இடத்தில் தாமே நின்று வேறு வழியில் முயன்று பார்க்கலாம். வகுப்பில் ஒருவரைக் கேலி செய்து ஒதுக்குவது போன்ற, அவர்கள் அன்றாடம் காணும் நிகழ்வுகள் இதற்குப் பொருந்தும். ஆனால் ஒரு மாணவரின் சொந்தத் துன்பத்தை அவர் பெயரோடு மேடையேற்றிவிடக் கூடாது. கற்பனைப் பாத்திரமே பாதுகாப்பு. ஓராண்டு நடிப்புப் பயிற்சி பெற்ற உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் பிறர் உணர்வை உணரும் ஆற்றல் கூடியதாக 2012-இல் வெளியான ஓர் ஆய்வும் கூறுகிறது. பிறராக நின்று பேசிப் பழகுவதன் பயன் அது என்பது என் எண்ணம்.

அப்படியும் நடிக்க விரும்பாதவர்கள் சிலர் இருப்பார்கள். ஒளியமைப்பு, ஒலி, உடை, காட்சிப்பொருள், பிரதி எழுதுதல், மேடை நிர்வாகம் ஆகியவையும் நாடகமே. அவற்றுக்கும் நடிப்புக்கு நிகரான மதிப்பெண் கொடுங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பதினைந்து வயது. ‘எனக்கு வரைய வராது’ என்று ஓவிய வகுப்பை வெறுக்கிறான். திறமை இல்லாதவர்களுக்கும் ஓவியத்தில் மதிப்பெண் போடுவது சரியா?

பதில்: பத்து வயதை ஒட்டி, பிள்ளைகள் தாங்கள் வரைந்ததை உண்மைப் பொருளோடு ஒப்பிடத் தொடங்குகிறார்கள், கண் முன்னேறிவிடுகிறது, கை பின்தங்குகிறது. அந்த இடத்தில் கற்பிப்பார் இல்லாததால் பலர் வாழ்நாள் முழுவதும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். தொலைவில் உள்ளது சிறிதாகத் தெரிவதை விதிப்படி வரைந்து காட்டும் முறையையே, பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புளோரன்சு நகரின் கட்டடக் கலைஞர் புரூனெலெஸ்கிதான் செய்முறையால் விளக்கிக் காட்டினார். அவ்வளவு தாமதமாக மனிதர்கள் கண்டறிந்ததை ஒரு சிறுவன் தானாகவே அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

தாளைப் பார்க்காமல், தன் இடக்கையின் விளிம்பை மட்டும் கண்ணால் மெல்லத் தொடர்ந்துகொண்டே வலக்கையால் கோடிழுக்கச் சொல்லுங்கள். படம் கோணலாகத்தான் வரும். ஆனால் நகத்தின் வளைவையும் மடிப்புகளையும் அவன் அன்றுதான் பார்த்திருப்பான். மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, இறுதிப் படத்துக்கு மட்டும் போடுவது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. பயிற்சிக் குறிப்பேடு, கைவிட்ட முயற்சிகள், எதை ஏன் மாற்றினான் என்று எழுதிய குறிப்பு ஆகியவற்றையும் சேர்த்து மதிப்பிடும்படி பள்ளியில் கேளுங்கள். ஆண்டின் தொடக்கத்தில் வரைந்த ஒரு படத்தை ஆசிரியர் பத்திரப்படுத்தி, ஆண்டின் இறுதியில் வரைந்ததை அதனோடு மட்டுமே ஒப்பிடட்டும். பக்கத்து இருக்கை மாணவரின் படத்தோடு வேண்டாம்.