நாள்பட்ட வலியும் மூளையும்: வாசகர் கேள்விகள்

திருப்பூரில் ஓவர்லாக் தைக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக இடுப்பு வலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பதால் வீட்டில் மனப்பிரமை என்கிறார்கள். உண்மையா?

இல்லை. உங்கள் வலி மெய்யானது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறோம். அதற்குள் தசைக் காயம் பெரும்பாலும் ஆறிவிட்டாலும், தண்டுவடத்திலும் மூளையிலும் உள்ள நரம்புச் செல்கள் சிறு தூண்டலுக்கும் பெரிதாக எதிர்வினை காட்டும் நிலைக்குப் பழகியிருக்கக்கூடும். தண்டுவடத்தில் வலிச் செய்திக்கு ஒரு கதவு இருப்பதாகவும், மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகள் அதைத் திறக்கவோ அடைக்கவோ கூடும் என்றும் வலி ஆய்வாளர்களான மெல்சாக், வால் ஆகிய இருவரும் 1965இல் விளக்கினார்கள். ஷிப்டு மாறித் தூக்கம் கெடுவதும், வேலை போய்விடுமோ என்ற கவலையும் வலியைக் கூட்டுவது இவ்வழியில்தான். ஆகவே உங்கள் வீட்டார் சொல்லும் அந்தச் சொல்லே வலியை வளர்க்கக்கூடும் என்பதை அவர்களிடம் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள்.

பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன். ‘டிஸ்க் பல்ஜ்’, அதாவது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கியிருக்கிறது என்றார்கள். இனிக் குனியவே கூடாதா?

குனியலாம். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து ஆராய்ந்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், இருபது வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் இதே பிதுக்கம் காணப்பட்டது. அஞ்சி அசையாதிருந்தால் தசை தளர்கிறது, மூளையும் குனிவதை ஆபத்தென்றே எண்ணுகிறது. வலி சற்று இருந்தாலும் பிசியோதெரபிஸ்ட் துணையுடன் அசைவைப் படிப்படியாகக் கூட்டுவதே நல்லது. ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. பண்ணாரி கோயிலில் வரிசையில் நிற்கும்போது தெரிவதில்லை, வீடு திரும்பியதும் துடிக்கிறார். நடிக்கிறாரா?

நிச்சயமாக இல்லை. மனம் ஈடுபாட்டில் இருக்கும்போது மூளை தன்னுள்ளேயே வலியடக்கும் பொருள்களைச் சுரந்து தண்டுவடத்தின் செய்தியைத் தணிக்கிறது. இப்பொருள்களின் செயலை முடக்கும் நலோக்சோன் என்ற மருந்து, போலி மருந்து தரும் வலிக்குறைவையும் தடுத்ததை 1978இல் கண்டபோது, நம்பிக்கையின் பின்னாலும் இச்சுரப்பு இயங்குவது தெரிந்தது. மூட்டுத் தேய்வு இருந்தால் அதற்கான சிகிச்சையும் தொடரட்டும்; அத்துடன் அவர் விரும்பிச் செல்லும் இடங்களுக்கு வாரந்தோறும் அழைத்துச் செல்லுங்கள்.

வலியைத் தணிக்க மனப்பயிற்சி தொடங்கினால் மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். சில மருந்துகளைத் திடீரென விட்டால் உடல் பாதிக்கப்படும். எழுதித் தந்த மருத்துவரே அளவைக் குறைக்க வேண்டும்.