டாக்டரிடம் கேளுங்கள்: மாத்திரை தீர்ந்தது, இருமல் தீரவில்லை

கேள்வி: அப்பா 2004 முதல் கல்குவாரியில் பாறையில் துளை போட்டவர். ஆறு மாதம் டி.பி. மாத்திரை சாப்பிட்டும் மூச்சிரைப்பு நிற்கவில்லை. குவாரிப் பக்கமே போகாத அம்மாவும் இப்போது இருமுகிறார். குவாரிக்காரர்களைக் கேட்டால், "எல்லா அனுமதியும் இருக்கிறது" என்கிறார்கள். அனுமதி இருந்தால் தூசி வராதா?
- ஒரு வாசகி, கரூர் மாவட்டம்

பதில்: நன்றாக வரும், அம்மா. குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்பது தமிழ்நாட்டுச் சிறுகனிம விதி. டேப் பிடித்து அளந்துவிடலாம். ஆனால் உங்கள் அப்பா நின்றது துளைக்கு ஓரடி தூரத்தில்! அவர் வேலைக்குச் சேர்ந்தபோது ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டியதில்லை. 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அது கட்டாயமானது. அதற்குள் எட்டு வருடத் தூசி உள்ளே போயிருக்கும்.

ஒரு பாவத்தை ஒப்புக்கொள்கிறேன். நான் பணியில் இருந்தபோது கல்லுடைக்கும் ஒருவருக்குச் சளியில் கிருமி இல்லாமலே இரண்டு முறை டி.பி. மருந்து கொடுத்தேன். என்ன வேலை என்று கேட்கவில்லை. ஓ.பி. சீட்டில் பெயர், வயது உண்டு, தொழிலுக்கு இடமில்லை. அவருக்கு இருந்தது சிலிக்கோசிஸ். கல்தூசி நுரையீரலில் தங்கி ஏற்படுத்தும் தழும்பு அது, ஆறாது. அதன்மேல் டி.பி.யும் எளிதில் தொற்றும். அதனால் உங்கள் அப்பாவுக்கு இரண்டுமே இருக்கலாம்.

ராஜஸ்தானில் 2019இல் சிலிக்கோசிஸ் போன்ற தூசி நோய்களுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தார்கள். மருத்துவக் குழு சான்று கொடுத்தால் மூன்று லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். உயிருக்கு அது விலையா என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் பணம் கொடுக்க வேண்டுமென்றால் நோயாளியைத் தேடிப் பதிவுசெய்தாக வேண்டுமே!

அம்மாவுக்கு சிலிக்கோசிஸ் என்று நான் உடனே சொல்ல மாட்டேன். அப்பாவிடமிருந்து டி.பி. தொற்றியிருக்கலாம், அடுப்புப் புகையாக இருக்கலாம், ஆஸ்துமாவாகவும் இருக்கலாம். முதலில் சளிப் பரிசோதனை. அப்பாவின் தூசிச் சட்டையை இனி வீட்டுக்குள் உதற வேண்டாம்.

கலெக்டர் தலைமையில் மாவட்டக் கனிம அறக்கட்டளை உண்டு, குவாரிக்காரர்கள் கட்டும் பணத்தில் நடப்பது. 2015இல் வந்த திட்டப்படி அதன் நிதியில் பெரும்பங்கு குடிநீர், மருத்துவம் போன்றவற்றுக்கே. ஊருக்கு எக்ஸ்ரே முகாம் கேட்டு கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்.

அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சகப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். எத்தனை வருடம், என்ன வேலை என்று அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரேயையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். புதியதோடு வைத்துப் பார்த்தால்தான் தழும்பு எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரியும்.