சண்டை முடிந்தபின் நடுங்கும் கை – கடிதம்

வணக்கம் ஐயா,

ராயக்கோட்டைப் பக்கத்துப் பாறைக் குன்றுகளில் ஒரு போர்க் குறும்படம் எடுக்கப்போகிறோம். சண்டையில் நிதானமாகச் சுட்ட சிப்பாய், எல்லாம் ஓய்ந்ததும் தீக்குச்சி உரசக்கூட முடியாமல் நடுங்குவதாக எழுதியிருக்கிறேன். "வீரனைக் கோழையாக்கிவிட்டாய்" என்கிறார் பணம் போடும் நண்பர். அந்தக் காட்சியை நீக்கிவிடவா?

– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

அன்புள்ள நண்பருக்கு,

நீக்காதீர்கள். நீங்கள் எழுதியதில் மிக உண்மையான இடம் அதுதான். ஆபத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்ததும் ஓடவும் தூக்கவும் பலம் கூடும். விரல் நுனி வேலை கெடும். இன்சாஸ் துப்பாக்கியின் மேகசினில், அதாவது தோட்டாப் பெட்டியில், 20 தோட்டா. அது தீர்ந்து அடுத்ததை மாட்டும்போது இரண்டு முறை வாய் பொருந்தாமல் இடிபடட்டும். பார்வை எதிரே ஒரு புள்ளியாகச் சுருங்கும், பக்கத்தில் கத்துபவனின் குரல்கூடக் காதில் ஏறாது. நடுக்கமும் குமட்டலும் அசதியும் பெரும்பாலும் ஆபத்து விலகிய பிறகே வரும். தைரியசாலிக்கும் வரும்.

ஒலியைத்தான் பல படங்கள் கோட்டை விடுகின்றன. தோட்டா ஒலியை முந்தி வருகிறது. 300 மீட்டரிலிருந்து சுட்டால் முதலில் தலைக்கு மேல் சாட்டை சொடுக்கினாற்போல் 'சடக்'. ஏறக்குறைய அரை நொடி கழித்துத்தான் துப்பாக்கியின் 'டும்'. அந்த இடைவெளியை வைத்தே பழகிய சிப்பாய் தூரத்தைக் கணிப்பான். பாறைகளுக்கு நடுவே எதிரொலியும் கலந்துவிடும், எந்தத் திசை என்று பிடிபடாது. அப்போது அவன் முகத்தைக் காட்டுங்கள்.

கதை கார்கிலில் நடப்பதானால் ஏறிக்கொண்டே வசனம் பேச வைக்காதீர்கள். அங்குள்ள டைகர் ஹில் சிகரம் 5,000 மீட்டருக்கு மேல். கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிதான் அங்கே.

உங்கள் நண்பருக்குப் புறநானூற்றின் 100ஆம் பாட்டைக் காட்டுங்கள். உங்கள் பக்கத்துத் தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமான் போரிலிருந்து வந்து, பிறந்த மகனைப் பார்க்கிறான். கையில் வேல், உடம்பில் வியர்வை, கழுத்தில் பச்சைப் புண். பகைவரைப் பார்த்துச் சிவந்த கண், பிள்ளையைப் பார்த்தும் சிவப்பு ஆறவில்லை என்கிறார் ஔவையார். புகழ்ந்து பாடியதுதான், ஆனாலும் போர்க்களம் வீடுவரை கூடவே வந்துவிட்டதை அவர் மறைக்கவில்லை. போர் முடிந்தும் மனதை விடாத இந்த உபாதை அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் PTSD என்ற இன்றைய பெயரோடு ஏறியது 1980இல்தான்.

ஒன்று மட்டும்: நடிகரைக் கையை ஆட்டச் சொன்னால் பொய்யாகத் தெரியும். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். தோள் தாங்காமல் இறங்கத் தொடங்கியதும் பாட்டிலை வாங்கிக்கொண்டு, தீப்பெட்டியைக் கொடுத்து உடனே கேமராவை ஓட்டுங்கள். நடுக்கம் சிறிது நேரமே நீடிக்கும். அதனால் விளக்கு, ஃபோகஸ் எல்லாம் முன்பே தயாராக இருக்கட்டும்.